மொழிபெயர்க்காமல் விட்ட சொல்

மண்டி மொஹல்லா, மைசூரு
4 ஆகஸ்ட் 2024

அன்புள்ள லிசா அக்காவுக்கு,

ஜேன் எழுதுகிறேன். நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். உனக்குச் சளி விட்டதா?

இனிமேல் மடத்தில் போன் கிடையாது, மாதம் ஒரு கடிதம்தான், அதுவும் உங்கள் மதர் பிரித்துப் படித்த பிறகுதான் கைக்கு வரும் என்று போன வாரம் நீ கடைசியாகப் போனில் சொன்னபோது சிரித்தேன். இப்போது பேனாவைப் பிடித்ததும் சிரிப்பு வரவில்லை. அவருக்குத் தமிழ்தான் வாசிக்க வரும் என்பதால் தமிழில்தான் எழுத வேண்டுமாம். கன்னட மீடியத்தில் படித்தவளுக்கு இது பெரிய தண்டனை. அம்மா ஜெபப் புத்தகத்தை வைத்துக்கொண்டு சொல்லிக்கொடுத்த எழுத்துத்தான் என்னிடம் இருக்கிறது. அதனால் என் கடிதம் மன்றாட்டு மாதிரி இருந்தால் பொறுத்துக்கொள்.

வீட்டில் பேச்சே இல்லை. அப்பா ஆஸ்பத்திரி லேபிலிருந்து ஆறு மணிக்கு வருகிறார், டிவியைப் போடுகிறார், பார்ப்பதில்லை. அம்மா போய் இரண்டு வருஷம். நீ போய் ஒரு வருஷம். நாலு பேர் பேசிய வீட்டில் இப்போது குக்கர்தான் சத்தம் போடுகிறது.

நீ படித்த அதே கல்லூரியில் நான் ஐந்தாவது செமஸ்டருக்கு வந்துவிட்டேன். கன்னடப் பேப்பருக்கு ஒரு நாவல் வைத்திருக்கிறார்கள். காவேரியில் வெள்ளம் வந்து ஸ்ரீரங்கப்பட்டணம் பக்கத்தில் ஒரு கிராமம் மூழ்குகிற கதை. புதிதாக வந்திருக்கும் தீபா மேடம் எடுக்கிறார். ‘வாசித்துவிட்டு உங்களுக்குத் தோன்றியதை எழுதுங்கள். கைடு பார்த்து எழுதினால் கிழித்துப் போடுவேன்’ என்று முதல் நாளே சொல்லிவிட்டார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

அப்பா உனக்கு ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார். உண்மையில் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

உன் தங்கை
ஜேன்

*

திண்டுக்கல் அருகே, மடத்திலிருந்து
28 ஆகஸ்ட் 2024

இயேசுவில் அன்பான ஜேனுக்கு,

ஆண்டவர் அருளால் சுகம். சளி விட்டது. அப்பாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? எழுத மறந்துவிட்டாய்.

இங்கே மணி அடித்தால் எழுந்து, மணி அடித்தால் படுக்கிறோம். எனக்குக் கோழிக்கூண்டு வேலை கொடுத்திருக்கிறார்கள். வருகிற மே மாதம் எனக்கு முதல் வார்த்தைப்பாடு, அன்றைக்குத்தான் துறவற வாக்குக் கொடுப்பேன். அதற்கு முன் மதர் எங்கள் ஒவ்வொருவரைப் பற்றியும் மேலிடத்துக்கு எழுதி அனுப்புவார்கள். போன வருஷம் இரண்டு பேரை ‘உங்களுக்கு அழைத்தல் இல்லை’ என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. வேண்டிக்கொள்.

உன் கடிதத்தை வாசித்துவிட்டு மதர், ‘உன் தங்கை வாயாடி’ என்று சிரித்தார்கள். தமிழ் மோசமில்லை, ஆனால் காற்புள்ளி என்று ஒன்று இருப்பதையே நீ பாதி இடத்தில் மறந்துவிடுகிறாய். மூச்சு வாங்காமல் வாசிக்க வேண்டியிருக்கிறது.

அந்த நாவலைப் பற்றி இன்னும் எழுது. சாப்பாட்டு வேளையில் புனிதர்களின் வரலாறு வாசிக்கக் கேட்கிறோம். எங்களுக்குக் கதை என்றால் அது ஒன்றுதான்.

உன் அக்கா
லிசா

*

மைசூரு
15 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். அப்பாவின் முழங்கால் அப்படியேதான், மாடி ஏறும்போது மட்டும் ‘அம்மா’ என்கிறார். யாரைக் கூப்பிடுகிறார் என்று நான் கேட்பதில்லை.

நீ கேட்டாயே, நாவல். ஒன்பதாவது அத்தியாயம் வாசித்ததிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. கௌரம்மா என்று ஒரு கூலிக்காரக் கிழவி. வெள்ளத்தில் மகனைப் பறிகொடுத்துவிட்டு, பேரக் குழந்தையோடு ஆற்றங்கரைச் சின்னக் கோயிலில் வந்து ஒதுங்குகிறாள். நம் மாதா கோயில் மாதிரி ஒன்றுதான். அவள் அதற்குள் கால் வைப்பது அதுவே முதல் தடவை. பீடத்தின் மேல் விரித்த துணியை உருவிக் குழந்தைக்குச் சுற்றுகிறாள். பிறகு திரும்பினால் வியாகுல மாதா சுரூபம். செத்த மகனை மடியில் கிடத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிற சுரூபம். அது யார் என்று அவளுக்குத் தெரியாது. கொஞ்ச நேரம் பார்க்கிறாள். அப்புறம் சொல்கிறாள்:

‘பாப இந்தத் தாய். இவளுக்குத் தலைவாரி விடக்கூட யாருமில்லை. உன்னைக் கேட்டுக்கொண்டா எடுத்தான் உன் மகனை? என்னையும் கேட்கவில்லை.’

மற்றதையெல்லாம் மொழிபெயர்த்துவிட்டேன். முதல் சொல்லை மட்டும் கன்னடத்திலேயே விட்டேன். உனக்குத் தெரியாததா?

சொன்னால் நம்பமாட்டாய், அம்மா இறந்த பிறகு நான் பூசைக்குப் போகிறேனே தவிர ஜெபித்ததில்லை. வாய் அசையும், அவ்வளவுதான். அன்றைக்கு நாவலை மூடிவைத்துவிட்டுக் கோயிலுக்குப் போய் மாதா முன்னால் உட்கார்ந்தேன். அழுதேன், ஜெபித்தேன், மறுபடி அழுதேன். நம் மதத்தைச் சேராத ஒரு கற்பனைப் பெண், கடவுளோடு சண்டை போட்டு, என்னைக் கடவுளிடம் கொண்டுபோய் விட்டாள். இதைத்தான் அசைன்மென்டில் எழுதப் போகிறேன். இருபது மார்க். போனால் போகட்டும், எழுதத்தான் போகிறேன்.

உன் தங்கை
ஜேன்

*

மடத்திலிருந்து
20 அக்டோபர் 2024

இயேசுவில் அன்பான ஜேனுக்கு,

சுகம். உங்கள் சுகத்துக்கு வேண்டிக்கொள்கிறேன்.

இங்கே மழை. கோழிகளுக்கு நோய் வந்து ஆறு செத்துவிட்டன. ஜெபமாலை மாதம் என்பதால் வேலை அதிகம்.

இனி நாவலைப் பற்றி எழுத வேண்டாம். உன் படிப்பைப் பார். எழுதும் சொற்களைக் கவனித்து எழுது.

அப்பாவுக்கு என் அன்பு.

லிசா

*

மைசூரு
17 நவம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. ஏதோ வங்கியிலிருந்து வந்த நோட்டீஸ் மாதிரி இருந்தது. என்மேல் கோபமா?

நீ நாவலைப் பற்றி எழுதாதே என்றாய். எழுதாமல் முடியாது, ஏனென்றால் இங்கே அதுதான் நடக்கிறது. தசரா லீவு முடிந்து போனால் ஒன்பதாவது அத்தியாயம் இல்லை. நூலகத்தில் இருந்த நாற்பது பிரதியிலும் பியூன் பிளேடு வைத்து இருபத்திரண்டு பக்கத்தை அறுத்திருக்கிறார். எட்டு முடிந்ததும் பத்து. கௌரம்மா மழையில் ஓடிக்கொண்டிருக்கிறாள், அடுத்த பக்கத்தில் வெயில் அடிக்கிறது. நடுவில் எங்கே இருந்தாள் என்று யாருக்கும் தெரியாது. ‘கிறிஸ்தவர்கள் மனம் புண்படுகிறது’ என்று எங்கிருந்தோ புகார் வந்ததாம். தீபா மேடத்தை இந்தப் பேப்பரிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

கிறிஸ்தவர்கள் என்றால் யார்? வகுப்பில் நான் ஒருத்திதான். எல்லோரும் என்னைத்தான் பார்க்கிறார்கள். இரண்டு வருஷமாக என் பக்கத்தில் உட்கார்ந்த வினிதா, பையை எடுத்துக்கொண்டு பின் பெஞ்சுக்குப் போய்விட்டாள். ‘உனக்குப் பிடிக்கலைன்னா நீ படிக்காம இருந்திருக்கலாமே, எங்க புக்கை ஏன் அறுக்க வெச்சே?’ என்று கேட்டாள். நான் இல்லை என்றேன். ‘பின்னே யாரு?’ என்றாள். இப்போது மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டு தனியாகத்தான் சாப்பிடுகிறேன். காலேஜிலும் பேச ஆளில்லை, வீட்டிலும் இல்லை.

எனக்கு வலிக்கும் என்று யாரோ முடிவு செய்து வெட்டியிருக்கிறார்கள். எனக்கு வலித்தது அந்த வெட்டுத்தான். மாதா ஏழு வியாகுலம், ஏழு பெருந்துக்கம், தாங்கியவள் என்று அம்மா சொல்லிக்கொடுத்தாள். ஒரு கிழவி பரிதாபப்பட்டதைக் கேட்க முடியாத அளவுக்கா மாதா பலவீனமாகிவிட்டாள்?

பதில் எழுது. நீளமாக எழுது.

ஜேன்

*

மைசூரு
8 டிசம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் வரவில்லை. சுகமாக இருக்கிறாய் என்று வைத்துக்கொள்கிறேன்.

வியாழக்கிழமை பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டனுப்பினார். வந்த புகார்க் கடிதம் தமிழில் இருக்கிறதாம். ஃபைலில் வைக்கக் கன்னட மொழிபெயர்ப்பு வேண்டும், உனக்குத்தான் தமிழ் தெரியுமே, ‘ஓதம்மா’ என்று நீட்டினார். வாசித்துச் சொல்ல வேண்டுமாம். அதாவது, ஆபீஸில் யாருமே அதை முழுசாக வாசிக்கவில்லை. கிளார்க் ஒருவர் மேலோட்டமாகப் பார்த்து ‘மாதாவைத் திட்டியிருக்காங்களாம் சார், ஒன்பதாவது அத்தியாயம்’ என்றிருக்கிறார். அவ்வளவுக்கே பிளேடு வந்துவிட்டது.

நான் நின்றுகொண்டே வாசித்தேன். அழகான கையெழுத்து. அதில் ‘பாப இந்தத் தாய்’ என்ற வரி இருந்தது. கன்னடத்தில் இல்லை, தமிழில். நான் உனக்கு எழுதிய அதே சொற்கள், அதே வரிசை, காற்புள்ளி இல்லாமல். கீழே, ‘தேவமாதாவைப் பாபத் தாய் என்று இழித்துரைக்கும் நூலை’ என்று இருந்தது.

இதைப் பிரித்துப் படிக்கிற மதருக்கு: மதர், வணக்கம். இது உங்களுக்கு. எங்கள் ஊரில் ‘பாப’ என்றால், ஐயோ பாவம் என்கிறோமே, அந்தப் பாவம். ஆண்டவருக்கு எதிராகச் செய்கிற பாவம் இல்லை. பஸ்ஸில் குழந்தை அழுதால் பாப என்பார்கள். நாய்க்குக் காலில் அடிபட்டால் பாப என்பார்கள். தமிழிலும் இரண்டுக்கும் ஒரே சொல்தானே மதர்? கௌரம்மா மாதாவைத் திட்டவில்லை. மாதாவுக்காக வருத்தப்பட்டாள். இரண்டாயிரம் வருஷமாக எல்லோரும் மாதாவிடம் வேண்டுகிறோம். அவள் ஒருத்திதான் மாதாவுக்காகப் பரிதாபப்பட்டாள். காற்புள்ளி வைக்காதது என் தப்பு. பிரின்சிபாலிடம் இதைச் சொன்னேன். ‘நமக்கு ஏனம்மா தொந்தரவு, எழுதினவங்களே தப்பாப் புரிஞ்சுக்கிட்டோம்னு எழுதினா பார்க்கலாம், பரீட்சைக்குள்ள வரட்டும்’ என்றார். பரீட்சை பிப்ரவரி பத்து. நீங்கள் ஒரு வரி எழுதினால் போதும். சந்தேகமாக இருந்தால் என் அக்காவைக் கேளுங்கள். மைசூரில் பிறந்து வளர்ந்தவள், உங்கள் பக்கத்திலேயே இருக்கிறாள்.

அக்கா, நீயும் சொல்.

ஜேன்

*

மடத்திலிருந்து
5 ஜனவரி 2025

அன்பு மகள் ஜேனுக்கு, மரியே வாழ்க.

உனக்கும் உன் தந்தைக்கும் புத்தாண்டு ஆசீர். நீ எனக்கென்று எழுதிய பகுதியையும் வாசித்தேன். உன் துணிச்சலை நான் குறை சொல்லவில்லை.

ஆனால் பொருள் தெரியாமல் நான் கல்லூரிக்கு எழுதினேன் என்று நினைக்காதே. எழுதுமுன், கன்னடம் அறிந்த உன் அக்காவையே அழைத்து, ‘பாப என்றால் பாவமா?’ என்று கேட்டேன். ‘ஆமாம் மதர், பாவம்’ என்றாள். மறுபடியும் கேட்டேன். மறுபடியும் அதையே சொன்னாள். அவள் பொய் சொல்லுகிறவள் அல்லள். அவள் சொல்லை விட்டு, பரீட்சைக்காக அவசரப்படும் உன் சொல்லை நான் எப்படி எடுத்துக்கொள்ள முடியும்?

லிசா இப்போது தியானத்தில் இருக்கிறாள். வார்த்தைப்பாட்டுக்குத் தன்னைத் தயாரிக்கும் காலம். அவள் மனத்தைக் கலைக்காதே.

இயேசுவில்
உன் நலம் நாடும் மதர்

*

மைசூரு
12 ஜனவரி 2025

அக்கா,

அப்படியா சொன்னாய்?

ஜேன்

*

மடத்திலிருந்து
24 பிப்ரவரி 2025

ஜேன்,

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. சுகமா என்று கேட்கக்கூட வாய் வரவில்லை.

சொன்னேன். அப்படித்தான் சொன்னேன்.

செப்டம்பர் கடைசியில் மதர் உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிட்டார்கள். வாசித்த உடனேயே எனக்குப் புரிந்தது. கௌரம்மாவின் குரல்கூடக் காதில் கேட்டது, நம் காய்கறிக்காரம்மா குரல் மாதிரி. மதர் கேட்டார்கள். ‘ஆமாம் மதர், பாவம்’ என்றேன். ஐயோ பாவம் என்கிற பாவத்தைத்தான் சொன்னேன் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். மதர் காதில் எந்தப் பாவம் விழும் என்பதும் எனக்குத் தெரியும். ஒரு சொல் சேர்த்துச் சொல்லியிருந்தால் போதும். சேர்க்கவில்லை.

பயம் என்று எழுதலாம் என்றிருந்தேன். பயமும் உண்டு. தங்கை இப்படிப்பட்ட புத்தகம் வாசிக்கிறவள் என்று என்னைப் பற்றிய குறிப்பில் எழுதிவிடுவார்களோ என்ற பயம். ஆனால் அது பாதிதான். மீதியைச் சொல்கிறேன். நீ அழுது ஜெபித்தேன் என்று எழுதியிருந்தாய். நான் இங்கே வந்து ஒன்றரை வருஷம். நாளைக்கு ஐந்து தரம் முழங்கால் போடுகிறேன். அம்மாவுக்காக எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த எனக்குக் கிடைக்காதது, பாடப்புத்தகம் வாசித்த உனக்குக் கிடைத்துவிட்டது. பொறாமைப்பட்டேன் ஜேன். அந்தப் பக்கங்கள் இல்லாமல் போனால் என்ன என்று தோன்றியது.

நாற்பது நாள் தியானம் முடிந்த அன்று மதரிடம் போய்ச் சொன்னேன். ‘அந்தக் கல்லூரிக்கு என்னை ஒரு பொய்யை எழுத வைத்துவிட்டாய்’ என்றார்கள். அவர்கள் கண் கலங்கி அதுவரை நான் பார்த்ததில்லை. பிரின்சிபாலுக்கு நானே கன்னடத்தில் எழுதினேன், மதர் தமிழில் ஒரு பக்கம் எழுதிச் சேர்த்தார்கள். ஆனால் அதற்குள் பிப்ரவரி பதினெட்டு ஆகிவிட்டது. உன் பரீட்சை முடிந்திருக்கும் என்று தெரிந்தேதான் தபாலில் போட்டோம்.

என் வார்த்தைப்பாடு ஒரு வருஷம் தள்ளிப் போய்விட்டது. ‘பத்து நாள் வீட்டுக்குப் போ. இங்கே திரும்பி வர வேண்டுமா என்று யோசித்து வா’ என்றார்கள். மார்ச் இருபதாம் தேதி கிளம்பச் சொல்லியிருக்கிறார்கள். நீ வரச் சொன்னால்தான் வருவேன்.

இந்தக் கடிதத்தை மதர் வாசிக்கவில்லை. உறையை ஒட்டிக் கொடுத்தேன், வாங்கி அப்படியே தபாலில் சேர்த்துவிட்டார்கள். இனி உன் கடிதத்தையும் பிரிக்கப்போவதில்லையாம்.

லிசா

*

மைசூரு
9 மார்ச் 2025

அக்காவுக்கு,

நான் சுகம். அப்பா சுகம்.

யாரும் பிரிக்காத கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. எது வேண்டுமானாலும் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். மூன்று தாள் எழுதி மூன்றையும் கிழித்துவிட்டேன். ஒன்றில் உன்னைத் திட்டியிருந்தேன். இன்னொன்றில் ‘பரவாயில்லை அக்கா’ என்று பொய் எழுதியிருந்தேன். மூன்றாவதில் என்ன எழுதினேன் என்று உனக்குச் சொல்லமாட்டேன். இந்தத் தாளிலும் வரிவரியாக அடிக்கிறேன், உங்கள் மதர்கூட என் கடிதத்தில் ஒரு வரியும் அடித்ததில்லை.

உங்கள் இரண்டு கடிதமும் பிரின்சிபாலுக்கு வந்தன. இந்தத் தடவையும் மதர் எழுதியதை என்னைத்தான் வாசிக்கச் சொன்னார். கேட்டுவிட்டு, ‘நல்லது, அடுத்த வருஷம் பார்க்கலாம்’ என்று ஃபைலில் வைத்துவிட்டார். ஃபைல் தடித்திருக்கிறது, அவ்வளவுதான். அறுத்த பக்கங்கள் பழைய பேப்பரோடு போய்விட்டனவாம். நான் அசைன்மென்ட்டை ஒன்பதாவது அத்தியாயத்தைப் பற்றியேதான் எழுதிக் கொடுத்தேன். புதிதாக வந்த மேடம், ‘பாடத்தில் இல்லாத பகுதி’ என்று சிவப்பு மையில் எழுதிப் பூஜ்யம் போட்டார். விஜயநகரில் தீபா மேடம் வீட்டுக்கு அதை எடுத்துப் போனேன். முழுக்க வாசித்துவிட்டு, மார்க் போடாமல், காபி போட்டுக் கொடுத்தார்.

வினிதாவிடம் நடந்ததைச் சொன்னேன். புகாருக்குக் காரணம் நான் எழுதிய கடிதம்தான் என்று என் வாயாலேயே சொன்னேன். ‘அப்போ நீதான்’ என்றாள். ஆமாம் என்றேன். பக்கத்தில் வந்து உட்காரவில்லை.

நேற்று அப்பாவிடம் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். பொறாமை என்று நீ எழுதிய இடத்தில் டிவியை அணைத்தார். முடித்ததும், ‘ட்ரெயின்ல வராளா, பஸ்லயா?’ என்றார். இன்னும் தெரியாது, நாம் கூப்பிட்டால்தான் வருவாளாம் என்றேன். ‘அவ வீட்டுக்கு வர அவளைக் கூப்பிடணுமாக்கும்?’ என்று கோபித்துக்கொண்டு மாடிக்குப் போய், உன் கட்டிலில் கிடந்த அட்டைப்பெட்டிகளையெல்லாம் ஒவ்வொன்றாக இறக்கினார். முழங்காலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

எனக்குக் கோபம் போகவில்லை அக்கா. எப்போது போகும் என்றும் தெரியவில்லை. இதையும் அடித்துவிடலாம் என்று பேனாவை வைத்தேன், அடிக்கவில்லை. நீ வந்து இறங்கும்போது நான் சிரிக்கமாட்டேன். பையை வாங்கமாட்டேன். முதல் நாள் பேசக்கூட மாட்டேனோ என்னவோ.

வா. கோபத்தோடேயே உனக்குச் சோறு போடுகிறேன்.

ஜேன்